கொயிலுக்கு ஓர் இடம்

வலது உள்ளங்கையை எஞ்சின்மேல் பதித்துவிட்டு முனாப் எண்ணத் தொடங்குகிறார். எண்ணுவது எப்போதும் சிங்களத்தில்தான். “எகய், தெகய், துனய்...” இருபது வரை கை தாங்கினால் அந்த இடத்தில் ஒரு சாமானைப் பூட்டலாம். பத்தில் கையை எடுக்க வேண்டி வந்தால் பூட்டக் கூடாது. ஆறிலேயே எடுக்க வேண்டி வந்தால், முன்பு அங்கே எதையோ பூட்டிவைத்த மனிதரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். அவை அச்சில் ஏறத் தக்கவை அல்ல.

ஒரு வெப்பமானி வாங்கிக்கொண்டால் என்ன என்று கார்க்காரர்கள் கேட்பதுண்டு. “அது சூட்ட மட்டுந்தான் செல்லும். கை, எஞ்சின்ட நடுக்கத்தையும் செல்லும்” என்று, ‘சொல்லும்’ என்பதைச் ‘செல்லும்’ ஆக்கும் தம் வழக்கில் பதில் தருவார். கேட்டவர் முகத்தைப் பார்க்காமல், எஞ்சினைப் பார்த்தபடியே சொல்வார்.

கண்டி குட்செட் பஸ் நிலையத்தைத் தாண்டிக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும் வீதியில், மரம் விற்கும் மரக்காலைக்கும் டயர் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் இருக்கிறது அவருடைய கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. டைனமோ, ஸ்டார்ட்டர், விளக்கு, வயர் என்று வாகனத்தில் மின்சாரம் ஓடும் எதுவும் அவருடைய வேலை. அதற்கு அப்பால் ஓர் ஆணியைக்கூடத் திருப்ப மாட்டார். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், கேட்காதவர்போல் தலையைக் குனிந்துகொள்வார்.

ஐம்பத்து நான்கு வயது. ஒடிசலான உடம்பு. கட்டம் போட்ட சாரம், மேலே அரைக்கைச் சேர்ட். கழுத்தில் ஒரு சின்ன பல்ப் இரண்டு வயர்களோடு தொங்கும். கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற பல்ப். அதைக் கழற்ற மறந்து ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்விட்டார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவரை, தொழுகை நடத்தும் ஹஸ்ரத் இரண்டு தடவை உற்றுப் பார்த்ததாகவும், அதைத் தம்முடைய தொழுகையின் சிறப்பு என்று முனாப் நினைத்துக்கொண்டதாகவும் அவருடைய மனைவி ஸுலைஹா சொல்லிச் சிரிப்பதுண்டு.

உயரம் என்றால் அவருக்கு ஆகாது. வீட்டுக் கூரையில் ஓடு விலகினால் ஆள் பிடித்துத்தான் சரிசெய்வார். மஹியங்கனைக்குப் போகும் பதினெட்டு வளைவு வீதியில் பஸ் இறங்கும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து, கண்ணை மூடி, ஓதிக்கொண்டே போவார். அடிவாரம் வந்ததும் யாராவது தோளில் தட்டிச் சொல்ல வேண்டும்.

அவருடைய பெருமை எல்லாம் வயரில் இருந்தது. வேறு எலக்ட்ரீஷியன்கள் இழுத்த வயர் பானெட்டுக்குள் கொடிபோலத் தாறுமாறாகக் கிடக்கும். முனாப் இழுத்தது பின்னிய சடைபோல் ஒரே ஒழுங்கில் போகும். எந்த இடத்திலும் தொய்வு இராது. அளந்து, ஒரு தடவை கண்ணால் பார்த்து, மறுபடி அளந்து, சரியாக வெட்டுவார். “தொங்குற வயரு சோம்பேறிட வேல” என்பார். கார்ச் சொந்தக்காரர்கள் தங்கள் நண்பர்களை அழைத்துவந்து பானெட்டைத் திறந்து காட்டியதுண்டு. அந்த நேரங்களில் அவர் வேறு எங்கோ பார்த்தபடி நிற்பார். ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகமாட்டார்.

ராஜரத்தினமும் அப்படித் திறந்து பார்த்த ஒருவர்தான். பேராதனையில் எஞ்சினியர்மாருக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது கடந்தவர். எண்பத்திரண்டாம் ஆண்டு ஜனவரியில் தம்முடைய மொறிஸ் மைனர் காரின் டைனமோவைக் காட்ட வந்தார். வேலை முடிந்து பானெட்டுக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், திடீரென்று கேட்டார்:

“முனாப், நீர் ஏரோப்பிளேனுக்கு வயர் இழுப்பீரோ?”

முனாப் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார். “சில்லு ஈக்கிதானே சேர்? அப்ப இழுக்கலாம்.”

“ஓம், மூண்டு சில்லு இருக்கு. வாரும் காட்டுறன்.”

பகிடி இல்லை. பேராதனையில் ராஜரத்தினத்தின் வீட்டுப் பின்புறம் தகரம் போட்டு நீட்டிய கொட்டகைக்குள் அந்த விமானம் மூன்று சக்கரத்தில் நின்றது. ஒட்டுப்பலகையும் துணியும் கொண்டு செய்த உடம்பு. ஒருவர் மட்டும் உட்காரும் இடம். இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்த வரைபடங்களை வைத்து ஒன்பது வருடமாகத் தனி ஆளாகக் கட்டியிருந்தார். எஞ்சின், கடுகண்ணாவைப் பள்ளத்தில் உருண்ட ஒரு வொக்ஸ்வாகன் காரினுடையது. ராஜரத்தினம் இளவயதில் இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகியவர். பிறகு உத்தியோகம், குடும்பம், மனைவியின் நோய் என்று முப்பது வருடம் தரையிலேயே போய்விட்டது. இப்போது தனி ஆள். தும்பறைப் பள்ளத்தாக்கில், தெல்தெனியப் பக்கம் புகையிலை பயிரிட்ட சமதரை ஒன்றை ஓடுபாதையாக்க ஒரு நண்பர் கொடுத்திருந்தார். ஆனால் விக்டோரியா அணை எழும்பிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறிவிடும். பறப்பதென்றால் அதற்குமுன் பறந்துவிட வேண்டும்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஸுலைஹா தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒங்களுக்கு ஏணியில ரெண்டு படி ஏறினா தல சுத்தும். நீங்க பிளேனுக்கு வயரிழுக்கப் போறீங்களா?”

“நான் ஏறப் போறல்ல. சேர்தான் ஏறப் போற.”

“அது இன்னும் மோசந்தானே.”

அந்த வார்த்தை முனாப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. காரில் கொயில் செத்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கலாம். மேலே ஓரம் கிடையாது.

சிக்கல் எல்லாம் அந்தக் கொயிலைப் பற்றியதுதான். பற்றரியிலிருந்து வரும் சிறிய கரண்ட்டைப் பெருக்கி, பெற்றோலைக் கொளுத்தும் பொறியாக்கி அனுப்புகிற உருளை அது. தகரப் பால்பேணியைவிட ஒடுக்கம், கொஞ்சம் நீளம். வொக்ஸ்வாகன் காரில் அது எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறிக் கூட்டின்மேல் காற்றாட உட்கார்ந்திருக்கும். விமானத்துக்கு முன்விசிறியின் காற்றே போதும் என்பதால் அந்தக் கூட்டைக் கழற்றி எறிந்தாயிற்று. கொயிலுக்கு வீடில்லாமல் போயிற்று. வரைபடத்தில், எஞ்சின் முதுகில் ஓர் இரும்புச் சட்டம் வைத்து அதிலே பூட்டும்படி போட்டிருந்தது. ராஜரத்தினமும் அப்படியே பூட்டியிருந்தார்.

முனாப் எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். சட்டத்தின்மேல் கையை வைத்தார். ஐந்தில் எடுத்துவிட்டார்.

“இது சரிவராது சேர்.”

“வரைஞ்சவன் மடையன் இல்லை, முனாப். இந்த வரைபடத்தாலை எத்தினையோ பேர் பறந்திருக்கினம்.”

“மடயன்டு நான் செல்லல்லயே. அவரு குளிரூர்ல ஈந்து கீறியீக்கார். நீங்க தும்பறை வெயில்ல ஓடப் போற.”

ராஜரத்தினம் எண்ணில் நம்பிக்கை உள்ளவர். உள்ளங்கையை நம்ப அவரால் முடியவில்லை. ஆகவே முனாப் இன்னொன்று செய்துகாட்டினார். ஒரு தகர மூடியில் ஐந்தாறு சின்ன நட்டுகளைப் போட்டு அந்தச் சட்டத்தின்மேல் கம்பியால் கட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். அரை நிமிடத்துக்குள் நட்டுகள் எல்லாம் துள்ளி விழுந்து கொட்டகையின் மூலைகளுக்கு ஓடின. பிறகு அதே மூடியை எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் கால்களுக்கும் நடுவே நிற்கும் தகரச் சுவரில் கட்டினார். எஞ்சின் அந்தச் சுவரில் ரப்பர்க் கட்டைகளின் வழியாகத்தான் மாட்டப்பட்டிருந்தது. நட்டுகள் மூடிக்குள் கிலுகிலுத்தன, ஒன்றும் விழவில்லை.

“இப்பிடி நடுங்கினா கொயிலுக்குள்ள ஈக்கிற மயிர்க்கம்பி எத்தின நாளைக்கித் தாங்கும்? செவுத்திலதான் வெக்கோணும்.”

ராஜரத்தினம் குனிந்து நட்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கி முடித்துவிட்டு, “சரி, சுவரிலை வையும்” என்றார்.

சுவரில் எந்த இடம் என்பதற்கு மேலும் இரண்டு நாள் போயிற்று. ஒரு முக்காலியைப் போட்டு அந்தச் சுவருக்கு முன்னால் முனாப் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கமாகப் பெற்றோல் குழாய் இறங்கியது. பொறி தெறிக்கிற சாமான் அந்தப் பக்கம் கூடாது. கீழே புகைக்குழாய், அங்கே சூடு. நடுவில் மழைத்தண்ணீர் வழிய இடம் இருந்தது. கடைசியில் இடப்பக்கம் மேல் மூலையில் சோக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். இருபது எண்ணியும் கை சுகமாக இருந்தது. நான்கு போல்ட் போட்டுக் கொயிலை இறுக்கினார். அதன் வாயிலிருந்து எஞ்சினுக்குப் போகிற தடித்த கம்பியை அளந்தார், கண்ணால் பார்த்தார், மறுபடி அளந்து வெட்டினார். பதினோர் அங்குலம். நேராக, இறுக்கமாக, கோடு கீறினதுபோல் போயிற்று. ராஜரத்தினம் அதைப் பார்த்து, “இதுக்கு மேலை ஒருத்தன் செய்யேலாது” என்றார். முனாப் வேறு எங்கோ பார்த்தார்.

மார்ச் மாதம் விமானத்தை இறக்கை கழற்றி லொறியில் ஏற்றித் தெல்தெனியவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் செல்லச்சாமி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டிரக்டர் ஓட்டப் பழகி, அந்தப் புகையிலைக் காணியோடு வந்து சேர்ந்தவர். புல்லை வெட்டி ஓடுபாதை ஆக்கியதும் அவர்தான். முனாப்பும் ராஜரத்தினமும் கொயில், கொயில் என்று பேசிக்கொண்டிருந்ததை அரை மணி நேரம் கேட்டுவிட்டு மெதுவாக வந்து, முஸ்லிம்களை அழைக்கும் முறையில் முனாப்பை ‘நானா’ என்று கூப்பிட்டுக் கேட்டார்.

“தண்ணி ஏறப்போற நெலத்துல கோயிலுக்கு எடம் பாக்குறீங்களே, ஏங்க நானா?”

முனாப் சிரித்ததை ராஜரத்தினம் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்.

கொழும்பிலிருந்து அரசாங்க விமானப் பரிசோதகர் ஒருவர் ஜீப்பில் வந்திருந்தார். சாந்தமான சிங்கள மனிதர். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு நேராக ஓடிப் பத்தடி உயரம் எழும்பி இறங்க மட்டும் அனுமதி கொடுத்தார். வட்டம் அடிக்கக் கூடாது. ராஜரத்தினம் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் பிடித்தது. புல்லில் ஓடிற்று. வால் தூக்கிற்று. பிறகு சில்லுகளுக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

“அட, எந்திரிச்சிருச்சு!” என்று செல்லச்சாமி கத்தினார்.

அந்தக் கத்தல் முடியுமுன் எஞ்சின் நின்றுவிட்டது. இருமவில்லை, தடுமாறவில்லை. சுவிட்சை அணைத்ததுபோல் நின்றது. விமானம் மூக்கைத் தாழ்த்தி, ஒரு பக்கமாகத் தரையில் மோதி, இடது காலை மடித்துக்கொண்டு அரைவட்டமாகச் சுழன்று ஓய்ந்தது. ராஜரத்தினத்தை வெளியே எடுத்தபோது அவருக்கு நினைவு இருந்தது. வலது மணிக்கட்டு மட்டும் வேறு திசையில் திரும்பி இருந்தது. பரிசோதகர் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். செல்லச்சாமி டிரக்டரைக் கொண்டுவரப் போனார்.

விமானத்தின் அருகில் முனாப் மட்டும் நின்றார். எஞ்சின் மூடியைத் திறந்தார்.

தடித்த கம்பி கொயிலின் வாயிலிருந்து கழன்று, இரண்டு விரல் தள்ளி அந்தரத்தில் நின்றது.

பார்த்த கணத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வொக்ஸ்வாகன் காரில் எஞ்சின் ஆடினால் கொயிலும் கூட ஆடும். கம்பி கட்டையாக இருந்தாலும் இழுபடாது. இருபத்தைந்து வருடமாக அந்தக் கம்பியைத்தான் அவர் வெட்டியிருக்கிறார். இங்கே கொயில் சுவரில் அசையாமல் நிற்கிறது. எஞ்சினோ ரப்பரில் ஆடுகிறது. முழு வேகத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்தபோது, தொய்வே இல்லாத அழகான கம்பி உருவிக்கொண்டு வந்துவிட்டது.

டிரக்டரின் சத்தம் கிட்டத்தில் கேட்டது. முனாப் கம்பியின் நுனியைப் பிடித்தார். கொயிலின் வாயில் வைத்து அழுத்தினார். ‘டக்’ என்று உட்கார்ந்தது. மூடியைப் போட்டு ஆணிகளை முடுக்கினார். செல்லச்சாமி வந்து, “என்னாங்க நானா ஆச்சு?” என்று கேட்டபோது, “தெரியல்ல” என்றார்.

பிறகு மூன்று நாட்கள். கராஜுக்குப் போனார், வந்தார். ஒரு காரின் முன்விளக்கு வயரை மாற்றிப் பூட்டிவிட்டார்; பிரேக்கை மிதித்தால் முன்விளக்கு எரிகிறது என்று அந்தக் கார்க்காரர் திரும்பி வந்தார். முனாப்பின் வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. ஸுலைஹா கொடுத்தனுப்பிய சோற்றுப் பார்சல் அவிழ்க்காமல் வீட்டுக்குத் திரும்பியது.

“என்ன செய்யுது ஒங்களுக்கு?” என்று அவள் கேட்டாள்.

“ஒண்டுமில்ல.”

“ஒண்டுமில்லாட்டி தின்னலாந்தானே.”

அவர் சொல்லிவிட்டார். கம்பி கழன்றதையும், தான் திரும்பச் செருகியதையும். ஸுலைஹா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். கோத்து முடித்துவிட்டு, “அவரு யார்ட பிழையெண்டு நெனச்சிட்டு ஈக்கார்?” என்று மட்டும் கேட்டாள். அது முனாப்புக்குத் தெரியாது. அதுவரை அவர் தன்னைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பேராதனைக்குப் பஸ் ஏறினார். ராஜரத்தினம் வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்தார், கையில் பாரிஸ் சாந்துக் கட்டு. எதிரே பரிசோதகர் மடியில் கடதாசிகளோடு உட்கார்ந்திருந்தார். அறிக்கை எழுதும் நாள் அது.

“வாரும் முனாப். இரும்” என்றார் ராஜரத்தினம். குரல் தளர்ந்திருந்தது. “எல்லாம் முடிஞ்சுது. என்ர பெருவிரல் சுவிட்சிலை பட்டிருக்கு. வேறை காரணம் இல்லை, இவை எஞ்சினை மெதுவா ஓட்டிப் பாத்தவை, ஒழுங்கா ஓடுது. எனக்கு வயசு போட்டுது. பிளேனைப் பிரிச்சு விக்கப் போறன்.”

முனாப் உட்காரவில்லை. பரிசோதகரின் பக்கம் திரும்பி, ஐயா என்பதற்குரிய ‘மாத்தயா’ என்று விளித்துச் சிங்களத்தில் பேசினார். நடுவில் நின்று யாரும் மொழிபெயர்த்து மென்மையாக்கிவிடக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார். கம்பியைக் கட்டையாக வெட்டியது நான், மாத்தயா. அது கழன்றுதான் எஞ்சின் நின்றது. நான்தான் முதலில் மூடியைத் திறந்தேன்.

பரிசோதகர் பேனையை எடுத்தார். திறந்து பார்த்துவிட்டு என்ன செய்தீர் என்று கேட்டார்.

திரும்பச் செருகிவிட்டு மூடினேன்.

ராஜரத்தினத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவருடைய முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

“கம்பி கட்டையாப் போனது பிழை. பிழை ஆர்தான் விடேல்லை? நானும் பாத்து மெச்சினனான்.” அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். “ஆனா திருப்பிச் செருகினீர் பாரும்... மூண்டு நாள். மூண்டு நாளா நான் என்ர கையைப் பாத்துக்கொண்டிருந்தனான், முனாப். இது என்ர கை இல்லை, கிழவன்ர கை எண்டு.”

“தெரியும் சேர்.”

“உமக்குத் தெரியாது. போம். தயவுசெய்து போம்.”

முனாப் படியிறங்கிப் போனார். கேற்றைச் சாத்திக் கொக்கியை மாட்டினார்.

மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. முனாப் பழையபடி சாப்பிடத் தொடங்கினார்; ஆனால் வேலைக்கு இடையில் யாராவது பானெட்டைத் திறந்து வயரைப் புகழ்ந்தால், இப்போது அந்த இடத்தை விட்டுப் போய்விடுவார். மரக்காலைச் சொந்தக்காரர் முஹைதீன்தான் அதை முதலில் கவனித்தார். “என்ன நானா, வெக்கமா?” என்று கேட்டார்.

ஒரு புதன்கிழமை பகல், மொறிஸ் மைனர் வந்து நின்றது. அதை யாரோ தெரிந்தவர் ஓட்டிவந்திருந்தார். ராஜரத்தினம் கட்டுப் போட்ட கையோடு இறங்கினார். சலாமோ சுகமோ கேட்கவில்லை. கராஜ் வாசலில் நின்றபடி, “எவ்வளவு நீளம் விட வேணும்?” என்று கேட்டார்.

முனாப் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். “எஞ்சின் எவ்வளவு ஆடுதெண்டு பாக்கோணும் சேர். பாக்காம செல்லேலா.”

“அப்ப வந்து பாரும்.”

அளப்பதற்கு ஒரு நாள் முழுவதும் பிடித்தது. சுவரில் ஒரு கடதாசியை ஒட்டி, எஞ்சினில் ஒரு பென்சிலைக் கட்டி, நிறுத்தும்போதும் தொடங்கும்போதும் முழு வேகத்திலும் அது போகும் தூரத்தை அந்தப் பென்சிலாலேயே கோடு போட வைத்தார்கள். யோசனை ராஜரத்தினத்தினுடையது. கட்டியது முனாப். கோடு ஒன்றரை அங்குலம் வந்தது. முழு வேகத்தில்தான் அதிகம் சாய்ந்தது. முனாப் புதுக் கம்பியை நான்கு விரல் கூடுதலாக வெட்டினார். எஞ்சின் பக்கத்தில் ஒரு பிடி, சுவர்ப் பக்கத்தில் ஒரு பிடி. இரண்டுக்கும் நடுவில் கம்பி தொட்டில்போல் வளைந்து தொங்கியது. ஆட்டம் எல்லாம் அந்த வளைவோடு முடிந்துபோகும், இணைப்பு வரை போகாது. அதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வடிவில்ல” என்றார்.

“வடிவு வேண்டாம்” என்றார் ராஜரத்தினம்.

அந்த நாள் முழுவதும் அவர்கள் இருவரும் வேலைக்கு வெளியே பேசிக்கொண்ட பேச்சு அவ்வளவுதான்.

மணிக்கட்டு கூடவும் விமானத்தின் கால் சரியாகவும் ஆகஸ்ட் வந்துவிட்டது. தெல்தெனியக் கடைவீதியில் பாதிப் பேர் புது இடத்துக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று எழும்புமுன் பறந்துவிட வேண்டும் என்பதற்காகக் காலை ஏழு மணிக்கே எல்லாரும் தரையில் நின்றார்கள். இந்தத் தடவை ஒரு வட்டம் அடிக்கலாம் என்று பரிசோதகர் சொன்னார். ராஜரத்தினம் முனாப்பைப் பாராமல் ஏறினார். இருக்கைப் பட்டியை இறுக்கிக்கொண்டு, முன்னால் பார்த்தார்.

விமானம் எழும்பியது. பத்தடி. மரத்தின் உயரம். பிறகு மரங்களுக்கு மேல். முனாப் டிரக்டரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். மேலே பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும்.

“நானா, பாருங்க, திரும்புது! ஆத்துக்கு மேல போவுது!” செல்லச்சாமி கண்ணால் கண்டதை எல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே வந்தார். “மலைக்கிட்ட போயிருச்சு. ஐயோ சின்னதாயிருச்சு. இந்தா, திரும்பி வருது!”

முனாப் கேட்டது அதை அல்ல. எஞ்சினின் சத்தத்தை. தொலைவில் மெலிந்து, மலையில் பட்டுத் திரும்பி, மறுபடி தடித்து வந்த அந்த ஒரே சீரான சத்தத்தை. ஆறு நிமிடம். ஆறு நிமிடத்திலும் அது ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

சில்லுகள் புல்லைத் தொட்டன. ஒரு துள்ளல், இன்னொரு துள்ளல், பிறகு ஓட்டம். விமானம் அவர்களுக்கு எதிரே வந்து நின்றது. முன்விசிறி கடைசியாக ஒரு தடவை பின்னோக்கித் தெறித்து ஓய்ந்தது. செல்லச்சாமி ஓடிப்போய் இறக்கையைப் பிடித்துக்கொண்டார். ராஜரத்தினம் கீழே இறங்கினார். வாய்விட்டுச் சிரித்தார். அழுததுபோலவும் இருந்தது. பரிசோதகர் அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முனாப் திருகாணிச் சாவியோடு எஞ்சினிடம் போனார். மூடியின் நான்கு ஆணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஆனால் மூடியைத் தூக்கவில்லை.

“சேர், வாங்க. மாத்தயாவையும் கூப்பிடுங்க. செல்லச்சாமி, நீங்களும் வாங்க.”

மூவரும் வந்து குனிந்து நின்றபின்தான் மூடியைத் தூக்கி அப்பால் வைத்தார். பிறகு இரண்டு எட்டுப் பின்னால் தள்ளி, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நின்றார்.